நிரந்தரமா, தற்காலிகமா?

உத்தியோகம் பார்க்கும் இளைஞன் ஒருவனைப் பற்றி நம் வீடுகளில் பேச்சு எழுந்தால், முதலாவதாகக் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "வேலை நிரந்தரமா, தற்காலிகமா?" என்பதே அது. சம்பளம் எவ்வளவு என்ற கேள்விகூட அதற்குப் பின்னரே வரும். பெண்ணைப் பெற்றவர் கேட்கின்றார். கடன் கொடுக்கும் வங்கி கேட்கின்றது. அறையை வாடகைக்கு விடும் வீட்டுக்காரரும் கேட்கின்றார். 'நிரந்தரம்' என்ற விடை கிடைத்தால் முகங்கள் மலர்கின்றன. 'தற்காலிகம்' என்றாலோ, "சரி, பார்ப்போம்" என்ற அளவில் பேச்சு முடிந்துவிடுகின்றது. வேலையைப் பற்றிச் சொல்லப்பட்ட ஒரு சொல், வேலை செய்பவனின் நெற்றியில் ஒட்டிக்கொள்கின்றது. இவ்விரு சொற்களையும் பற்றி இவ்வாரம் வாசகர்களோடு சிறிது உரையாட விரும்புகின்றேன்.

கண்டி நகரில் காலை எட்டு மணிக்கு நின்று பாருங்கள். கம்பளை, நாவலப்பிட்டி, கலஹா, தெல்தெனிய, வத்தேகம, மாத்தளை என்று நாற்றிசைகளிலிருந்தும் பஸ் வண்டிகள் மனிதரை அள்ளிக்கொண்டு வருகின்றன. பாடசாலைச் சீருடை அணிந்தவர்களையும் கந்தோருக்குச் செல்பவர்களையும் நீக்கிவிட்டால், எஞ்சுவோரில் பலர் இருபது வயதை ஒட்டிய இளைஞரும் யுவதிகளுமாவர். புடைவைக் கடைகளிலும், மருந்துக் கடைகளிலும், கைத்தொலைபேசி விற்கும் கடைகளிலும், அச்சகங்களிலும், சாப்பாட்டுக் கடைகளிலும் அவர்கள் பகல் முழுவதும் நிற்கின்றனர். க.பொ.த. உயர்தரப் பரீட்சையை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருப்போர் சிலர்; பெறுபேறு வந்து, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்காகக் காத்திருப்போர் சிலர்; இரண்டுக்கும் காத்திராமல், வீட்டுச் சுமையை முன்னிட்டு வந்தோர் சிலர். இவர்கள் அனைவரையும் இந்நகரம் ஒரே சொல்லால் அழைக்கின்றது: தற்காலிகம்.

எசல பெரஹராக் காலத்தில் இவர்களுடைய தொகை இன்னும் பெருகுகின்றது. பத்து இரவுகள், கொப்பரை எரியும் தீப்பந்தங்களின் ஒளியில் யானைகளும் நடனக்காரரும் வீதிவலம் வருவர். அந்த ஊர்வலத்தில் மேளம் கொட்டுவோர் பலருக்கு அத்தொண்டு பரம்பரை பரம்பரையாக வந்தது. மன்னராட்சிக் காலத்தில் காணியோடு பிணைந்திருந்த அவ்வூழிய முறையைப் பிற்காலத்தில், 1870ஆம் ஆண்டில், சட்டம் ஒன்று வரையறை செய்தது. அதே வீதியின் ஓரத்தில், அந்தப் பத்து இரவுகளுக்கு மட்டும் அமர்த்தப்பட்ட ஓர் இளைஞன் தண்ணீர்ப் போத்தல்களை விற்றுக்கொண்டிருப்பான். தலைமுறைகளுக்கு நீளும் ஊழியமும் பத்தே இரவுகளில் முடியும் ஊழியமும் ஒரே தீப்பந்தத்தின் வெளிச்சத்தில் நிற்பதை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம், ஆனால் கவனிப்பதில்லை.

இவற்றையெல்லாம் சிந்திக்கும்படி என்னைத் தூண்டியது அண்மையில் வந்த ஒரு கடிதம். எழுதியவன் என்னிடம் படித்த மாணவன். கலஹாவுக்கு அப்பால் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தைச் சேர்ந்தவன். அவன் விருப்பப்படியே பெயரையும் கடையின் பெயரையும் விடுத்து, கடிதத்தின் பெரும்பகுதியை இங்கே தருகின்றேன்.

மாணவன் எழுதிய கடிதம்

"மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தாங்கள் நலமாயிருக்க வேண்டுகின்றேன். பரீட்சை முடிந்த கையோடு கண்டியில் ஒரு புடைவைக் கடையில் சேர்ந்தேன் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். மூன்று மாதத்துக்கு என்று சொல்லிச் சேர்ந்தேன். இப்பொழுது பத்து மாதமாகிவிட்டது. இந்தப் பத்து மாதத்தில் நான் கண்டவற்றை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருக்கின்றது.

முதற் கிழமையில் கால்கள்தான் என்னோடு பேசின. காலையில் நிற்கத் தொடங்கினால் இரவு கடை பூட்டும்வரை நிற்க வேண்டும். துணியை மடிப்பது எளிது என்று நினைத்திருந்தேன். ஒரு சேலையை விரித்துக் காட்ட ஒரு நிமிடம் போதும். அதை மடிப்புக் கலையாமல் பழையபடி ஆக்க ஐந்து நிமிடம் வேண்டும். வாங்காமல் போகின்றவர்களுக்கு இது தெரியாது. இப்பொழுது கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே பருத்தி எது, கலப்பு எது என்று சொல்லிவிடுவேன். சிங்களம் எனக்கு எழுத்தில் ஓரளவு தெரியும், பேச்சில் வராது. மீற்றர் கோலைப் பிடித்தபடி எண்களிலிருந்து தொடங்கினேன். இன்று சகோதர மொழியில் ஒரு கல்யாண வீட்டாருக்கே புடைவை காட்டும் அளவுக்கு வந்துவிட்டேன். வகுப்பில் வராதது கடையில் வந்தது என்று தாங்கள் வருந்த வேண்டாம்.

எங்கள் தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்பார்கள். நிறை குறைந்தால் 'அரைப் பேர்' என்பார்கள். அம்மா அரைப் பேரோடு வந்த நாட்களில் வீட்டில் யாரும் அதிகம் பேச மாட்டோம். அந்தச் சொல்லின் பொருளை நான் சிந்தித்ததே இல்லை. நகரத்துக்கு வந்த பின்னர்தான் சிந்தித்தேன். இங்கே எனக்குப் பேர் இல்லை. முதலாளி 'தம்பி' என்கின்றார். சிங்களவர்கள் 'மல்லி' என்கின்றார்கள். இரண்டும் ஒரே அன்பான சொல்தான். ஆனால் பத்து மாதத்தில் என் பெயரைக் கேட்டவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

கிழமையில் ஓர் அரைநாள் ஓய்வு. அன்று ஏரியைச் சுற்றி நடப்பேன். ஒரு சுற்றுச் சுற்றி வர ஒரு மணித்தியாலம் பிடிக்கும். குடையின் கீழ் இருப்பவர்கள், மீனுக்குப் பொரி போடுகின்ற பிள்ளைகள், கரையில் வெயில் காயும் கபரகொய்யா, படம் பிடிக்கும் வெள்ளைக்காரர்கள். எல்லாரும் எங்கிருந்தோ வந்து எங்கோ போகின்றவர்கள். நகரத்தில் தனிமை என்று கதைகளில் வாசித்திருக்கின்றேன். அது கூட்டத்தின் நடுவில் இருப்பது என்று அப்பொழுது விளங்கவில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்தில் நான் இன்னாருடைய மகன். எங்கே போகின்றாய், ஏன் போகின்றாய் என்று பத்துப் பேர் கேட்பார்கள். இங்கே யாரும் கேட்பதில்லை. அந்தச் சுதந்திரமும் எனக்குப் பிடித்திருக்கின்றது.

தீபாவளிக்கு முந்திய கிழமை எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தீபாவளி முற்பணம் கைக்கு வந்த கையோடு வந்தவர்கள். ஒரு பாட்டி சுருக்குப் பையைத் திறந்து, மருமகளுக்குச் சேலை கேட்டார். என்னைப் பார்த்து 'ஐயா, இதைவிட விலை குறைஞ்சது இருக்குங்களா?' என்றார். என் அம்மாவின் வயதைவிட மூத்தவர். 'ஐயா என்று சொல்லாதீங்க பாட்டி, நானும் தோட்டத்துப் பிள்ளைதான்' என்றேன். அவர் சிரித்துவிட்டு, 'அப்படியானா நல்லதா எடுத்துக் குடு' என்றார். இந்தப் பத்து மாதத்தில் நான் மிகவும் மகிழ்ந்த நாள் அது.

மகிழாத நாளையும் சொல்லிவிடுகின்றேன். ஐந்தாம் மாதம் முடியும் வேளையில் முதலாளி கூப்பிட்டு, 'தம்பி, இரண்டு கிழமை வீட்டில் நின்றுவிட்டு வா' என்றார். ஏதோ குற்றம் செய்துவிட்டேன் என்று பயந்தேன். கூட வேலை செய்யும் அண்ணன் ஒருவர், 'பயப்படாதே, எல்லாருக்கும் இப்படித்தான். திரும்பி வரும்போது நீ புது ஆள்' என்றார். அப்படியே இரண்டு கிழமை கழித்துப் புது ஆளாக வந்தேன். நியமனக் கடிதம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. சேமலாப நிதி பற்றிக் கேட்டேன். 'தற்காலிகமானவர்களுக்கு அதெல்லாம் இல்லை' என்றார்கள்.

இனித்தான் நான் எழுத வந்த விடயம். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்துக்கு அனுமதி கிடைத்திருக்கின்றது. தாங்கள் மகிழ்வீர்கள். ஆனால் அதே கிழமையில் முதலாளி, 'தை மாதத்திலிருந்து உன்னைக் காசுப் பெட்டியில் இருத்துகின்றேன். சம்பளத்தைக் கூட்டி நிரந்தரமாக்குகின்றேன்' என்று சொல்லிவிட்டார். தங்கை அடுத்த வருடம் சாதாரண தரம். வீட்டில் கடன் இருக்கின்றது. அம்மாவைக் கேட்டால், 'உன் விருப்பம்' என்கின்றார். அந்த விடை எனக்குப் பாரமாக இருக்கின்றது.

கலஹாவிலிருந்து வரும் பஸ், பல்கலைக்கழகத்தின் நடுவேதான் வருகின்றது. தினமும் காலையும் மாலையும் அதைக் கடந்து போகின்றேன். பத்து மாதம் அந்த இடத்தில் இறங்கியவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்பொழுது இறங்கலாம் என்று கடிதம் வந்திருக்கின்றது. ஆனால் 'நிரந்தரம்' என்ற சொல்லை என்னிடம் ஒருவர் சொல்வது இதுவே முதற்தடவை. நான் என்ன செய்ய வேண்டும்?"

மலைநாடும் அச்சொல்லும்

கடிதத்துக்கு மறுமொழி கூறுமுன், அவன் பிறந்த மலைநாட்டின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தல் நன்று. ஏனெனில், தற்காலிகம் என்ற சொல்லின் முழுப் பொருளையும் இம்மண்ணைப்போல் அறிந்த மண் இந்நாட்டில் வேறில்லை.

1815ஆம் ஆண்டில் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1820களில் கம்பளைக்கு அருகே சிங்கபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் என்பார் கோப்பித் தோட்டம் அமைத்தார். கோப்பிக்கு ஆண்டு முழுவதும் பெருந்தொகையான ஆட்கள் வேண்டியதில்லை. பழம் பறிக்கும் பருவத்திலேதான் கைகள் பல வேண்டும். ஆகவே தமிழகத்திலிருந்து ஏழை உழவர் பருவத்துக்கு வந்தனர். பருவம் முடிந்ததும் திரும்பினர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்த அவர்களுள், நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். இன்றைய மொழியில் சொல்வதானால், கண்டிச் சீமையின் பெருந்தோட்டங்கள் தற்காலிக ஊழியரின் கைகளால் எழுந்தவை.

பின்னர் இரண்டு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நேர்ந்தன. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பி இலைகளில் நோய் கண்டது. சில ஆண்டுகளில் கோப்பி அழிந்து தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. தேயிலையின் இயல்பு வேறு. கொழுந்து கிழமைக்குக் கிழமை துளிர்க்கும். ஆண்டு முழுவதும் பறிக்க வேண்டும். ஆடவர் மட்டும் வந்து போன காலம் போய், பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் லயன்களில் குடியேறின. வேலை நிரந்தரமாயிற்று. ஆனால் வேலை செய்தவர்களை நிரந்தரமானவர்களாக எவரும் எண்ணவில்லை.

அதன் விளைவை நாம் அறிவோம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 975,000 பேர் எனக் கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் மற்றோர் ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. 1988லும் 2003லும் இயற்றப்பட்ட சட்டங்களால்தான் இக்கணக்கு ஒருவாறு முடிவுற்றது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக உழைத்த ஒரு சமூகம், 'நீ இங்கே இருப்பவனா, போகின்றவனா?' என்ற கேள்விக்கு விடை பெற அத்தனை காலம் பிடித்தது. 2023இல், இருநூறு ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மூதாதையர் நடந்த வழியே பலர் மீண்டும் நடந்தனர். இன்றும் பல குடும்பங்களுக்குத் தாம் வாழும் லயன் அறையின் நிலத்துக்கு உறுதி இல்லை.

இதனை நான் விரித்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. வேலைக்குக் கால எல்லை இருப்பதில் பிழையில்லை. அந்த எல்லையை மனிதன்மேல் ஏற்றி, 'நீ தற்காலிகமானவன், உனக்கு ஏன் பெயர், உனக்கு ஏன் உரிமை' என்று கேட்கத் தொடங்கும் இடத்திலேதான் தீங்கு பிறக்கின்றது. பெரிய அளவில் ஒரு சமூகத்துக்கு நேர்ந்ததும், சிறிய அளவில் இரண்டு கிழமை வீட்டில் நின்று 'புது ஆளாக' வந்த இம்மாணவனுக்கு நேர்ந்ததும் ஒரே விதையின் முளைகள்.

சட்டம் என்ன சொல்கின்றது?

"தற்காலிகமானவர்களுக்கு அதெல்லாம் இல்லை" என்ற வாக்கியத்தை நம் பிள்ளைகள் பலர் கேட்டு நம்பிவிடுகின்றனர். ஆதலால் சில செய்திகளைத் தெளிவாகக் கூறுதல் ஆசிரியனின் கடமை.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம், தற்காலிக ஊழியரையும் பயிலுநரையும் நாட்கூலிக்காரரையும் தன்னுள் அடக்குகின்றது. வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே ஊழியரின் வேதனத்தில் நூற்றுக்கு 8 வீதமும், அதற்கு மேலாக முதலாளியின் பங்காக 12 வீதமும் அந்நிதிக்குச் செல்ல வேண்டும். 1980இல் ஏற்பட்ட ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம் செலுத்த வேண்டும். இதில் ஊழியர் செலுத்துவது ஒன்றுமில்லை.

கடைகளிலும் காரியாலயங்களிலும் வேலை செய்வோருக்கென 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் உண்டு. நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்பது அதன் வரையறை. அதற்கு மேற்பட்ட நேரத்துக்கு ஒன்றரை மடங்கு வேதனம் கொடுக்க வேண்டும். கிழமைக்கு ஒரு முழுநாளும் ஓர் அரைநாளும் விடுமுறை. வேலையின் தன்மை, வேதனம் முதலிய விவரங்களைச் சேரும் நாளிலேயே எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகின்றது. ஆகக் குறைந்த வேதனமும் சட்டத்தால் வரையறுக்கப்பட்டுள்ளது: 2016ஆம் ஆண்டின் சட்டத்துக்கு 2025இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 2026 சனவரி முதல் மாதத்துக்கு 30,000 ரூபா.

இரண்டு கிழமை இடைவெளியின் இரகசியமும் ஓர் எண்ணில் இருக்கின்றது. ஊழியரைக் காரணமின்றி நீக்குவதைக் கட்டுப்படுத்தும் 1971ஆம் ஆண்டின் சட்டம், 15 பேருக்குக் குறையாத ஊழியர் உள்ள இடங்களில், குறைந்தது 180 நாட்கள் வேலை செய்தவர்களுக்கே பாதுகாப்பளிக்கின்றது. ஐந்தாம் மாத முடிவில் வரும் திடீர் ஓய்வின் நோக்கத்தை விளங்கிக்கொள்ளச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. இத்தகைய குறைகளைக் கேட்பதற்கென்றே தொழில் திணைக்களம் இருக்கின்றது. அதன் அலுவலகம் கண்டியிலும் உண்டு. சேர்ந்த திகதி, வேலை செய்த நாட்கள், பெற்ற சம்பளம் ஆகியவற்றை ஒரு சிறு கொப்பியில் அன்றன்று எழுதி வைத்திருப்பவனுடைய சொல்லுக்கு அங்கே பலம் கூடும். மாணவப் பருவத்தில் நாட்குறிப்பு எழுதச் சொன்னால் முகம் சுளிப்பவர்கள் இதையாவது எழுதலாம்.

யப்பான் நாட்டுப் பாடம்

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. யப்பானில் மாணவர்கள் பகுதிநேரமாகச் செய்யும் வேலையை 'அருபைத்தோ' என்பர். உழைப்பு என்று பொருள்படும் ஜேர்மன் சொல்லிலிருந்து வந்தது அது. 1980களில் அந்நாடு செழித்திருந்தபோது, நிரந்தர உத்தியோகத்தின் கட்டுப்பாடு வேண்டாம் என்று விரும்பியே சிறு வேலைகளை மாறி மாறிச் செய்த இளைஞர் தோன்றினர். அவர்களைச் 'சுதந்திர உழைப்பாளர்' என்ற கருத்தில் 'பிரீத்தா' என்று அழைத்தனர். 1990களின் தொடக்கத்தில் பொருளாதாரம் தளர்ந்தபோது அதே வேலைகளுக்கு விருப்பமின்றிச் சென்ற இளைஞர் பெருகினர். அவர்களுள் பலர் நடுவயதை எட்டிய பின்னரும் அந்நிலையிலிருந்து மீளவில்லை. பெயரில் சுதந்திரம் இருந்தது. வெளியேறும் கதவு இல்லை.

தற்காலிக வேலை இருவகைப்படும் என்பது இதனால் விளங்கும். எப்பொழுது முடிப்பது, எதற்காகச் செய்வது என்பன செய்பவனின் கையில் இருக்குமாயின், அது கல்வி. மொழி கற்பிக்கும், மனிதரைக் கற்பிக்கும், பணத்தின் அருமையைக் கற்பிக்கும். அதே வேலையின் முடிவு மற்றொருவர் கையில் இருந்து, மூன்று மாதம் பத்து மாதமாகவும், பத்து மாதம் பத்து வருடமாகவும் நீளுமாயின், அது பொறி. இரண்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்றே. ஆகவே இவ்வேலையில் நுழையும் இளைஞர் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று: "இந்த வேலையை நான் எதுவரை செய்வேன்; அதன்பின் எங்கே செல்வேன்?" விடை மாறலாம், ஆனால் விடை இல்லாமல் இருத்தல் ஆகாது.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை கடையில் நிற்கின்றான் என்று உறவினரிடம் சொல்ல நாணி, "சும்மா ஓர் அலுவலாகக் கண்டிக்குப் போய் வருகின்றான்" என்று மழுப்பும் தாய் தந்தையரை நான் கண்டிருக்கின்றேன். அவன் கொண்டு வரும் சம்பளத்தில் அரிசி வாங்க நாணாதவர்கள், அவன் வேலையின் பெயரைச் சொல்ல ஏன் நாண வேண்டும்? வெள்ளிக்கிழமை மாலையில் கட்டுக்கலைப் பிள்ளையார் முன் ஒரு நிமிடம் நின்று, நெற்றியில் நீறு பூசிக்கொண்டு கடைக்கு ஓடும் பிள்ளைகளைப் பாருங்கள். அவர்கள் களவெடுக்கப் போகவில்லை.

கடை முதலாளிமார் எல்லாரும் கொடியவர் அல்லர். வாடகையும் வரியும் கடனும் அவர்களையும் நெருக்குகின்றன. அவர்களுள் பலர் தாமே ஒரு காலத்தில் மீற்றர் கோல் பிடித்தவர்கள். ஆயினும் ஒரு நியமனக் கடிதத்துக்குச் செலவு ஒரு தாள். பெயர் சொல்லி அழைப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை. பத்து மாதம் தமக்காக நின்ற கால்களுக்கு உரிய சேமலாபத்தைச் செலுத்துவதும் தருமமன்று, கடனே.

மாணவனுக்கு மறுமொழி

அன்புள்ள தம்பி,

உன் முதலாளி உன்னைக் காசுப் பெட்டியில் இருத்த நினைப்பது உன் நேர்மைக்குக் கிடைத்த நற்சாட்சி. அதனை நான் சிறிதும் இகழவில்லை. கடை வாழ்வும் நல்வாழ்வே. உனக்கு வேறு வழி இல்லாதிருந்தால், 'நியமனக் கடிதத்தை வாங்கிக்கொண்டு மகிழ்ச்சியோடு இரு' என்றே எழுதியிருப்பேன்.

ஆனால் சொற்களைச் சற்றே திருப்பிப் பார். எழுத்தில் எதுவும் தராத ஓரிடத்தில் 'நிரந்தரம்' என்ற சொல், முதலாளியின் மனநிலை இருக்கும்வரையில் நிரந்தரம். பல்கலைக்கழகத்தில் நீ இருக்கப் போவது சில ஆண்டுகளே, அது தற்காலிகம். ஆனால் அங்கு பெறுவதை எவரும் இரண்டு கிழமை வீட்டில் நிற்கச் சொல்லித் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது. நீ சேரப் போகும் பல்கலைக்கழகமே 1942இல் கொழும்பில் தொடங்கிப் பத்தாண்டு காலம் அங்கே தங்கியிருந்துவிட்டு, 1952இல்தான் தனக்கென்று குறித்திருந்த பேராதனைக்கு வந்து சேர்ந்தது. தங்குமிடம் எது, சேருமிடம் எது என்பது அதற்குத் தெரிந்திருந்தது.

வீட்டுக் கடனை நான் மறக்கவில்லை. சம்பளமில்லாத அந்த ஆண்டுகளின் பாரம் உன் தாயாரின் முதுகில்தான் மேலும் ஏறும். அதை மறைத்துப் பேசுவது அறமன்று. அவரை மீண்டும் ஒருமுறை கேள். ஆனால் "போகட்டுமா, வேண்டாமா?" என்று கேளாதே, "உன் விருப்பம்" என்ற விடைதான் மறுபடியும் வரும். ஒரு தாளில் கணக்கு எழுதிக்கொண்டு கேள். மாதச் செலவு எவ்வளவு, கடன் எவ்வளவு, தங்கையின் படிப்புக்கு எவ்வளவு, மகாபொல புலமைப்பரிசிலோ வேறு உதவிப் பணமோ கிடைத்தால் எவ்வளவு, விடுமுறையில் கடையிலும் மாலையில் வகுப்பு எடுத்தும் நீ உழைக்கக்கூடியது எவ்வளவு என்று எழுது. துண்டு விழும் தொகை எவ்வளவு என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். விருப்பத்தைப் பற்றிப் பேசத் தயங்கும் தாய், கணக்கைப் பற்றிப் பேசத் தயங்க மாட்டார். அந்தத் தொகையைக் கண்ட பின்னரும், அனுமதியை ஏற்றுக்கொள் என்பதே என் ஆலோசனை. கடையில் இடம் மறுபடியும் கிடைக்கும். வெட்டுப்புள்ளியைத் தாண்டிய இந்த இடம் மறுபடியும் கிடைப்பது அரிது.

கடையை விட்டு வரும்போது முறையாக முன்னறிவித்துவிட்டு வா. உனக்குத் துணியையும் மொழியையும் மனிதரையும் கற்பித்த இடம் அது, சினந்து வெளியேறாதே. அதே சமயம், பத்து மாதத்துக்குரிய சேமலாப நிதியை மரியாதையாகவும் அச்சமின்றியும் கேள். எழுத்தில் கேள்; கடிதத்தின் பிரதி ஒன்றை வைத்துக்கொள். மறுத்தால் தொழில் அலுவலகத்துக்குப் போ. துணைக்கு நானும் வருகின்றேன். உனக்காக மட்டுமன்று, உனக்குப் பின் அந்த மீற்றர் கோலைப் பிடிக்கப் போகும் அடுத்த தம்பிக்காகவும் அது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

பல்கலைக்கழகப் பதிவுக்குக் கடைசித் திகதி ஒன்று குறித்திருப்பார்கள். அதைத் தவறவிடாதே. பிறப்புச் சான்றிதழின் மூலப் பிரதி வீட்டில் இருக்கின்றதா என்று இன்றே தேடிப் பார்.